திரப்பானி கடைசியில்

சிசிலித் தீவை நான் பார்த்ததில்லை. கடலையே சங்குமுகத்தில் நின்று பார்த்ததோடு சரி, அதுவும் சுவாமியைக் கடலில் நீராட்டுகிற ஆராட்டுக் கூட்டத்தில் யாரோ ஒருவர் முதுகுக்குப் பின்னாலிருந்து. ஆனால் அந்தத் தீவில் எந்த ரயில் நிலையத்தில் பெண்கள் உட்காரத் தனி அறை உண்டு, எந்த ஊரில் மத்தியானம் கடையெல்லாம் அடைத்துவிடுவார்கள், எந்த இடிந்த கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மரம்கூடக் கிடையாது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். கேட்கத்தான் ஆளில்லை. ஒருவர் கேட்டார். அவருக்காகத்தான் அதையெல்லாம் படித்தேன்.

அவர் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, இங்கிலீஷ்காரி. திருவனந்தபுரத்தில் எல்லோருக்கும் அவர் மதாம்மா, எனக்கு மேடம். நான் அங்கே பூகோளம் சொல்லிக்கொடுத்தேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது, அவருக்கு ஐம்பத்தைந்து. நான் கரமனையில் அண்ணா வீட்டில் இருந்தேன். என் புருஷன் ரங்கூனில் வேறொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்தார். தாலி இங்கே, அவர் அங்கே. இப்படிப்பட்டவளை எங்கள் தெருவில் வாழாவெட்டி என்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. நான் தெருமுனை திரும்புகிறவரை பொறுத்திருக்கிற அளவுக்கு மரியாதை தெரிந்தவர்கள்.

வீட்டில் எனக்கு இடம் இருந்தது, என் பேச்சுக்கு இல்லை. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று நான் சொன்னால், மன்னி அதை அண்ணாவிடம் ஒரு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் தண்ணீர் விடுவாள். கல்யாணத்தின்போது அந்தப் பையன் வேண்டாம் என்று நான் சொன்னதையும் யாரும் கேட்கவில்லை. அது பழைய கதை. உப்புக் கதை தினமும் நடப்பது, அதனால் அதுதான் அதிகம் எரிச்சல் மூட்டியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மேடத்தின் பங்களாவுக்குப் போவேன். பள்ளிக்கூடத்துக் காகிதங்களை இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பதாகப் பேர். அரை மணியில் காகிதம் முடிந்துவிடும், பிறகு இருட்டுகிறவரை பேச்சுத்தான். வேலைக்காரன் அவருக்கு டீயும் எனக்கு ஒரு கரிக்கும் கொண்டுவந்து வைப்பான். அந்த நாளைய எங்கள் ஆசாரத்துக்கு அவர் வீட்டுத் தண்ணீர் ஆகாது, கரிக்கின் ஓட்டுக்குள் இருக்கிற இளநீருக்குத் தோஷமில்லை. நான் இதை அவரிடம் சொன்னதே இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே கரிக்கு தயாராக இருந்தது.

யுத்தம் வந்த வருஷம் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு போட்டோவை என் பக்கம் நகர்த்தினார். கப்பல் உடுப்பில் ஒரு வாலிபன், தொப்பி சற்றுப் பெரிது. அவருடைய ஒரே தம்பி என்றார். கப்பலில் இன்ஜினீயராக இருந்தவன், சிசிலியில் திரப்பானி என்ற துறைமுகத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். அங்கேயே, வெளிநாட்டுக்காரர்களைப் புதைக்கிற மூலையில் புதைத்துவிட்டார்கள். அவர்கள் குடும்பத்தில் ஒருவரும் அந்த இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை.

"அம்மா போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மாவும் போய்விட்டாள். இனிமேல் நான் ஒருத்திதான்" என்றார். "ஊருக்குப் போகிற வழியில் அந்தத் தீவைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சுற்றிப் பார்ப்பது சாக்கு. அவன் இருக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். நீங்கள்தான் எனக்கு வழி போட்டுக் கொடுக்கவேண்டும்."

"நானா மேடம்?"

"நீங்கள் பூகோளம் படித்தவர். அதோடு, உங்களுக்கெல்லாம் யாத்திரை போகத் தெரியும். எங்களுக்கு ஊர் பார்க்க மட்டும்தான் தெரியும்."

நாங்கள் பேசியது இங்கிலீஷில். அதில் நீ, நீங்கள் என்ற பேதம் கிடையாது. ஆனாலும் அவர் பேசியதையெல்லாம் நான் 'நீங்கள்' என்றுதான் காதில் வாங்கிக்கொண்டேன். வேறு யாரிடமிருந்து எனக்கு அது கிடைக்கப்போகிறது?

மறுநாள் காலை பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். நூலகத்தில் சிவப்பு அட்டை போட்ட வழிகாட்டிப் புத்தகம் ஒன்று இருந்தது. எந்தத் துரை விட்டுவிட்டுப் போனதோ, பக்கங்கள் சில ஒட்டிக்கொண்டிருந்தன. பெரிய அட்லஸ் ஒன்று, எடுக்க ஆள் துணை வேண்டும். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் போய் உட்காருவேன். கதவை அடைக்கிறவர், "டீச்சரே, அடைக்கான் நேரமாயி" என்று சாவியை ஆட்டுகிறவரை எழுதுவேன். அட்லஸில் ரயில் பாதை மேல் நூலை வளைத்து வைத்து, எடுத்து நீட்டி அளந்தேன். பலெர்மோவிலிருந்து மெஸ்ஸினா, இங்கிருந்து செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலி போகிற தூரம். அது எனக்குத் தெரிந்த தூரம், எத்தனை நேரத்தில் இடுப்பு வலிக்கும் என்றும் தெரியும். அந்தக் கணக்கில் அவருக்கு ஓய்வு நாட்கள் வைத்தேன்.

வீட்டில் இது தெரிந்ததும் மன்னி சிரித்தாள். "ஏண்டி, போறது அவ, பாக்கறது அவ. நோக்கு எதுக்குடி இந்தத் தலைவலி? அவாத்து ஊர் வழி அவாளுக்குத் தெரியாதா?"

"அது அவா ஊர் இல்லை மன்னி. இத்தாலிக்காரா ஊர்."

"யார் ஊரா இருந்தா என்ன, நம்ம ஊர் இல்லையோன்னோ?" என்று சொல்லிவிட்டு அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள். அண்ணா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கோயில் கச்சேரியில் அவருக்குக் குமாஸ்தா வேலை. கடல் தாண்டுகிற சமாசாரம் எதுவும் அவர் காதில் ஏறாது.

எனக்கு அந்த மூன்று மாதம் நன்றாக இருந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பஸ்ஸில் கிழக்கேகோட்டையில் ஏறி உட்கார்ந்தால் கட்டானியா வரும், கரமனைப் பாலம் தாண்டும்போது சிரக்யூஸ் வரும். இறங்கினால்தான் வீடு. போகிறவர் ஒருவர் என்று தெரிந்தும், வழி போடும்போது இரண்டு பேருக்காகவே போட்டேன். எட்னா மலையைப் பார்க்க எந்த ஜன்னல் பக்கம் உட்காரவேண்டும் என்று எழுதும்போது எதிர் ஜன்னலில் என்னையும் உட்காரவைத்துப் பார்த்தேன். யாருக்கும் நஷ்டமில்லையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் கேட்டார், "உங்கள் பெரிய கோயிலுக்குள் என்ன வரிசையில் போவீர்கள்?" இருபது வருஷம் இந்த ஊரில் இருந்தும் அவர் பார்த்தது கோபுரத்தை மட்டும்தான், உள்ளே விடமாட்டார்கள். நான் சொன்னேன். உள்ளே நுழைந்ததும் நேரே சுவாமியிடம் போகமாட்டோம். இடப்பக்கம் திரும்புவோம். சுவாமி எப்போதும் நம் வலது கைப்பக்கம் இருக்கும்படி பிராகாரத்தைச் சுற்றுவோம். வழியில் இருக்கிற சின்ன சன்னிதிகளையெல்லாம் கும்பிட்டு, சுற்று முழுவதும் முடித்து, கடைசியில்தான் மூலஸ்தானம். மூன்று வாசலிலும் நின்று, பள்ளிகொண்ட பெருமாளைப் பார்ப்போம்.

"நேரே போனால் என்ன?"

"நேரே போகிறவன் ஆபீசுக்குப் போகிற வழியில் தலையைக் காட்டிவிட்டுப் போகிறவன் மேடம். அது தரிசனம் இல்லை. சுற்றி வருகிறபோதுதான் மனசு அடங்கும். அடங்கின மனசோடு போய் நிற்கவேண்டும்."

மேடம் டீக் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார். "அது சரியாகத்தான் படுகிறது" என்றார்.

அந்த முறையில்தான் நான் தீவுக்கும் வழி போட்டேன். இன்னொரு விதமாகப் போடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பலெர்மோ தீவின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. நேப்பிள்ஸிலிருந்து வருகிற கப்பல் அங்கேதான் கொண்டுவிடும். இறங்கித் தீவைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் மெஸ்ஸினா, வலக்கைப் பக்கம் திரப்பானி. இடப்பக்கம் திருப்பினேன். மெஸ்ஸினா, எட்னா, கட்டானியா, சிரக்யூஸ், தெற்கே அக்ரிஜெந்தோவின் இடிந்த கோயில்கள், பிறகு மேற்கே வளைந்து கடைசியில் திரப்பானி. தீவு முழுவதும் அவருக்கு வலப்பக்கமாகவே இருக்கும். தம்பி மூலஸ்தானம்.

அதோடு விட்டேனா? பஞ்சாங்கத்தையும் எடுத்தேன். கணக்குப்படி அவர் பலெர்மோவில் இறங்குவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை கிழக்கே சூலை, அந்தத் திசையில் பயணம் கிளம்பக்கூடாது. ஆகையால் திங்களன்று பலெர்மோவிலேயே சும்மா இருக்கட்டும் என்று எழுதினேன். செவ்வாய் அவ்வளவு நல்ல நாள் இல்லை, ஆனால் சூலை இல்லையே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு செவ்வாயன்று கிளப்பினேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம். மேடம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் படித்தார். திங்கட்கிழமைச் சூலைக்குச் சிரித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் விரலை அதிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"திரப்பானி கடைசியிலா?"

"ஆமாம் மேடம். அதுதான் முறை."

"சரி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

என் மனதில் ஒன்று இருந்தது. நானும் வரட்டுமா என்று கேட்கவேண்டும். எப்படிப் போவேன், யார் விடுவார்கள், எதைச் சாப்பிடுவேன் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமலில்லை. அவர் முடியாது என்று சொன்னாலும் பரவாயில்லை, கேட்டுவிடவேண்டும். அதையும் கடைசிக்குத்தான் வைத்திருந்தேன். முதலில் வழி முடியட்டும், பிறகு பள்ளிக்கூடத்துப் பிரிவுபசாரம் முடியட்டும், பிறகு பங்களாவைக் காலி செய்து முடிக்கட்டும். கடைசியாக ரயிலடியில், இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது கேட்கலாம். ரயிலடியில் இருநூறு பெண்கள் பூச்செண்டோடு வந்து நின்றார்கள். மேடத்துக்குக் கழுத்து தெரியாமல் மாலை. ஜன்னலுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் கார்டு கொடி காட்டிவிட்டார். "ஜாக்கிரதையாகப் போய் வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னவோ சொன்னார், பெண்கள் கத்தின கத்தலில் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கால் தானாகவே பங்களாவுக்குப் போய்விட்டது. கேட்டில் பூட்டு. அரை பர்லாங் திரும்பி நடந்து, கரிக்கு விற்கிறவனிடம் ஒன்று வாங்கி வழியில் நின்றே குடித்தேன். அன்றைக்கு அழுகை வந்தது. கரிக்குக்காரன் பயந்துபோய், "எந்தா அம்மா, கேடாயோ?" என்று கேட்டான். காய் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தீவிலிருந்து ஒரு கார்டு வந்தது. நல்ல வெயில், நான் எழுதியிருந்த ஜன்னலிலிருந்து எட்னா தெரிந்தது என்று நாலு வரி. அதற்குள் இங்கே பேப்பரில் எல்லாம் யுத்தப் பேச்சு. யுத்தம் ஆரம்பித்து ரொம்ப நாள் கழித்து, இங்கிலாந்திலிருந்து அவருடைய கடிதம் வந்தது. சிரக்யூஸில் இருந்தபோது, இங்கிலீஷ்காரர்கள் கிடைத்த கப்பலில் உடனே வெளியேறவேண்டும் என்று அவர்கள் நாட்டு அதிகாரி சொல்லிவிட்டாராம். அன்று மத்தியானமே மால்டாவுக்குப் போகிற கப்பலில் ஏற்றிவிட்டார்களாம். "திரப்பானி பார்க்க முடியவில்லை. பாதிச் சுற்று ஆயிற்று. மீதி யுத்தத்துக்குப் பிறகு" என்று எழுதியிருந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை.

நூலகத்துக்குப் போய் அந்த அட்லஸை எடுத்துப் பிரித்தேன். மூன்று மாதம் நூல் வைத்து அளந்த படம்தான். அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது, பலெர்மோவிலிருந்து வலப்பக்கம் திரும்பியிருந்தால் திரப்பானி அரை நாள் ரயில். ஒரு விரற்கடை. இறங்கின மறுநாளே போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு, தீவைச் சுற்றுவதானால் பிறகு சாவகாசமாகச் சுற்றியிருக்கலாம். வயது ஐம்பத்தைந்து, உலகம் பற்றியெரியப் போகிறது, அவரைப் பிடித்து இடப்பக்கம் திருப்பிவிட்டேன். போதாக்குறைக்குத் திங்கட்கிழமை சூலை என்று ஒரு நாள் வேறு சும்மா உட்காரவைத்தேன். பூகோள டீச்சராம்.

பதில் எழுதினேன். அதிலும் என் வழக்கம்தான். க்ஷேமம், க்ஷேமத்துக்குப் பதில், இங்கே நல்ல மழை, ஐந்தாம் வகுப்புக்குப் புது பெஞ்சுகள் வந்திருக்கின்றன, இப்போதைய தலைமை ஆசிரியைக்கு மூக்கின் மேல் கோபம். நாலு பக்கம் ஓடி விஷயத்துக்கு வரும்போது காகிதம் முடிந்துவிட்டது. இன்னொரு காகிதம் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. அவரும் பதில் போட்டார், நானும் போட்டேன். யுத்தத்தில் கடிதம் வருவது நாலு மாதம் ஆறு மாதம் ஆயிற்று. பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

சிசிலியில் படைகள் இறங்கின நாட்களில் அந்தத் தீவின் பேர் கரமனைத் தெருவில்கூட அடிபட்டது. என் ஊர்களெல்லாம் ஒவ்வொன்றாகப் பேப்பரில் வந்தன, சிரக்யூஸ், அக்ரிஜெந்தோ, கட்டானியா. எந்த ஊரில் என்ன இடிந்தது என்று போட்டிருந்தார்கள். அண்ணா முதல் தடவையாக என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "இதானே அந்த மதாம்மா சுத்தப் போன ஊர்? நீ என்னமோ எழுதிக் கொடுத்தியே, கேட்டியா, அந்த ஊரெல்லாம் இப்போ தரைமட்டம்."

திரப்பானித் துறைமுகத்தில் குண்டு விழுந்தது என்ற செய்தியும் அதில் இருந்தது. தம்பியைப் புதைத்த அந்த மூலை என்ன ஆயிற்றோ தெரியவில்லை. அன்றைக்கு உட்கார்ந்து, க்ஷேமம் கிஷேமம் ஒன்றும் போடாமல், முதல் வரியிலேயே விஷயத்தை எழுதினேன். திரப்பானியை முதலில் வைத்திருக்கவேண்டும், கடைசியில் வைத்தது என் தப்பு, என்னை மன்னிக்கவேண்டும். இரண்டாம் வரியில், உங்களோடு வரட்டுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மூன்றாம் வரியில், நீங்கள் போனதிலிருந்து எனக்குப் பேச ஆளில்லை. கையெழுத்துப் போட்டு ஒட்டிவிட்டேன். அரைப் பக்கம்கூட இல்லை. என் ஆயுளில் நான் எழுதின ஒழுங்கான கடிதம் அது ஒன்றுதான்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு சிறிய பார்சல் வந்தது. மேடத்தின் பக்கத்து வீட்டுக்காரப் பெண்மணி அனுப்பியிருந்தார். என் கடிதம் போய்ச் சேர்வதற்கு முந்தின குளிர்காலத்திலேயே மேடம் மார்ச்சளி கண்டு இறந்துபோயிருந்தார். சொந்தக்காரர் யாருமில்லாததால் அவருடைய சாமான்களை ஒழித்தது அந்தப் பெண்மணிதான். என் விலாசத்துக்காகக் கடிதத்தைப் பிரிக்க வேண்டியதாயிற்று, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். கூடவே என் நோட்டுப் புத்தகம்.

மேடம் ஒவ்வொரு ஊரையும் பார்த்து முடித்ததும் அந்தப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார், பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி. மெஸ்ஸினாவுக்கு ஒன்று, கட்டானியாவுக்கு ஒன்று. சிரக்யூஸில் கோடு பாதியில் நின்றிருந்தது. அதற்கப்புறம் வெறும் பக்கங்கள், என் கையெழுத்து மட்டும். திரப்பானிப் பக்கத்தையும் பார்த்தேன். அதிலும் ஒன்றுமில்லை.

மூடி வைக்கப்போகும்போது பலெர்மோப் பக்கத்தைத் திரும்பவும் புரட்டினேன். திங்கட்கிழமை சும்மா இருக்கவும் என்று நான் எழுதியிருந்த வரிக்குக் கீழே, பொடி எழுத்தில், அந்தத் திங்கட்கிழமை அவர் எழுதி வைத்திருந்தார்: ரயிலடிக்குப் போய்க் கேட்டேன். திரப்பானிக்குக் காலையில் ஒரு வண்டி இருக்கிறது. போய்விட்டு இன்றைக்கே திரும்பிவிடலாம்.

அதற்கு அடுத்த வரி: வேண்டாம். அவள் அதைக் கடைசியில் வைத்திருக்கிறாள். அவளுக்குத் தெரியும்.

நான் சொன்னதை மறுபேச்சுப் பேசாமல் கேட்டு நடந்தவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். கேட்டிருக்க வேண்டாம்.